ஜோடியே இல்லாத கப்-சாசரும் புனலூர் பேரமும்

வணக்கம் மக்களே! இன்றைக்கு எரிச்சலும் சந்தோஷமும் ஒரே கப்-சாசரால் வந்தது.

செங்கோட்டையிலிருந்து மலையிறங்கிப் புனலூர் போயிருந்தேன். ஒரு பழைய சாமான் கடையில், அலுமினியக் குண்டானுக்குப் பின்னால் தடித்த வெள்ளைக் கப். பக்கவாட்டில் பச்சைக் குத்துவிளக்கு, சுற்றிலும் மலையாளத்தில் ஓட்டல் பெயர். ஓட்டல் கப் என்றால் இப்படித்தான் இருக்கணும்! அடுக்கினாலும் இடித்தாலும் தாங்குகிற உருண்ட விளிம்பு. தங்கக் கோடு போட்ட மெல்லிசுக் கோப்பைகளை நான் தொடக்கூட மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

அந்தக் குத்துவிளக்குப் படத்தை நகத்தால் தடவினேன். எங்கேயும் தட்டவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் பளபளப்பு அறுபடவில்லை. அப்படியென்றால் படத்தை முதலில் அச்சடித்து, அதன்மேல் கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரிப் பளபளப்புப் பூச்சு, பூசிச் சுட்டிருக்கிறார்கள். அது லேசில் போகாது. கிளேஸுக்கு மேலே பதித்த படம் கழுவக் கழுவத் தேயும். காரைக்குடித் தட்டில் பாதி மயில்தான் மிச்சம் என்று முன்பு ஒரு வீடியோவில் புலம்பினேனே, அதுதான் சங்கதி.

ம், சொல்ல விட்டுப்போச்சு. கப்பின் அடியில் பெங்கால் பாட்டரீஸ் முத்திரை. இதே கொல்லம் பக்கத்துக் குண்டறையிலேயே பீங்கான் ஆலை இருந்தும், இந்த ஓட்டல்காரர் கல்கத்தா சரக்கு வாங்கியிருக்கிறார் பாருங்கள்!

சரி, விலைக்கு வருவோம். கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு சாசரை எடுத்து அடியில் வைத்து, “ரெண்டும் கூடி நானூறு” என்றார்.

“கப் மட்டும் போதும் சேட்டா, நூற்றைம்பது.”

“ஜோடியைப் பிரிக்க மாட்டேன்.”

ஜோடியாம்! கப்பில் பச்சை, சாசரில் நீலம். குழியில் உட்காராமல் கப் கடகடவென்று ஆடுகிறது. கடுப்பில் சாசரை எடுத்துத் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து நீல வளையம், அதற்குள் எஸ், ஐ, ஆர். சவுத் இந்தியன் ரயில்வே! நம்ம கொல்லம் மீட்டர் கேஜில் வண்டி ஓட்டினவர்கள். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வேக்குள் கலந்துபோன பெயர்.

முகத்தில் எதையும் காட்டவில்லை. “இந்த உதவாத சாசருக்கா இவ்வளவு?” என்று இன்னும் பலமாகச் சலித்துக்கொண்டேன். முந்நூற்றைம்பது என்றார். முந்நூறு என்றார். நான் வாசல்படி இறங்கியதும் 280! கடைசியில், சுற்றித்தரப் பேப்பர் இல்லை என்று சாக்குப்பைக்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டார். கொடுக்கவில்லை. துண்டிலேயே சுற்றிக்கொண்டு வந்தேன்.

சாசர் முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள். விரிசல் இல்லை, ஸ்பூன் உரசி ஒட்டிய உலோகம். பற்பசையை விரலில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் போகிறது, இதோ. இரும்பு நாரை எடுக்கிறவர்கள் இந்த சேனலை விட்டே போய்விடுங்கள்.

எஸ்.ஐ.ஆர். கப் யாரிடமாவது இருந்தால், விற்கச் சொல்லவில்லை, அடிவட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து கமெண்டில் போடுங்கள். என் சாசர் குழி நாலரை சென்டிமீட்டர்.