நெட்வொர்க் பூட் வசதியை இயங்குதளத்திலிருந்து நீக்கலாமா?

(திரையில்: ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகம்)

வணக்கம். கணினி தன் இயங்குதளத்தை உள்ளிருக்கும் டிஸ்க்கிலிருந்து அல்லாமல், நெட்வொர்க் வழியாக ஒரு சர்வரிலிருந்து ஏற்றிக்கொள்வதே நெட்வொர்க் பூட். இந்த வசதியை இயங்குதளத்திலிருந்து நீக்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹார்ட் டிஸ்க் இல்லாத ஒரு கணினியின் பவர் பொத்தானை அழுத்தியதும், கறுப்புத் திரையில் முதலில் அதன் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், தெரிகிறது. அடுத்த வரியில் ஐ.பி. முகவரி வழங்கும் முறையான டி.எச்.சி.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சேருகின்றன. சர்வர் ஒரு ஐ.பி. முகவரியையும், இறக்க வேண்டிய கோப்பின் பெயரையும் தரும் வரை அது காத்திருக்கிறது. இன்டெல் வகுத்து, 1999இல் 2.1 பதிப்பாக வெளியிட்ட பி.எக்ஸ்.இ. என்ற நெட்வொர்க் பூட் முறை இப்படித்தான் தொடங்குகிறது.

இவை அனைத்தையும் ஃபர்ம்வேரே, அதாவது கணினியின் சிப்பிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரலே, செய்துவிடும்போது இயங்குதளத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவதோடு ஃபர்ம்வேரின் பங்கு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கெர்னல் தன் சொந்த டிரைவரைக் கொண்டு நெட்வொர்க் கார்டை மறுபடியும் இயக்கி, மீண்டும் ஒரு ஐ.பி. முகவரியைப் பெற்று, சர்வரில் உள்ள ரூட் கோப்பு முறைமையை, அதாவது இயங்குதளத்தின் கோப்புகள் அடங்கிய மூலத் தொகுப்பை, இணைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கெர்னல் சர்வரிலுள்ள கோப்புகளை நெட்வொர்க் வழியே பயன்படுத்த உதவும் என்.எஃப்.எஸ். வழியாக இதைத் தானே செய்யவல்லது.

(திரையில்: ரூட்டை இணைக்க முடியாமல் நின்றுபோன கணினி)

தேவைப்படுவோர் தனித் தொகுப்பாக நிறுவிக்கொள்ளட்டும் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. முதன்மைப் பதிப்பிலிருந்து வெளியேறிய ஒரு வசதியை, கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. ஒரே இமேஜை (இயங்குதளமும் மென்பொருள்களும் அடங்கிய தொகுப்பை) நம்பியிருக்கும் ஆய்வகத்தில் நாற்பது கணினிகளும் காலையில் ஒரே வரியில் நின்றுபோன பிறகே பழுது வெளிப்படும்.

பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. சர்வரிலிருந்து கோப்பைக் கொண்டுவரும் டி.எஃப்.டி.பி. முறையில் கடவுச்சொல்லும் இல்லை, குறியாக்கமும் இல்லை. அதே நெட்வொர்க்கில் புகுந்த ஒருவர் போலிச் சர்வரை வைத்துக் கணினியை ஏமாற்ற முடியும். ஆனால் 2024 ஜனவரியில் வெளிவந்த பிக்சிஃபெயில் என்ற பாதுகாப்புக் குறைபாடுகள் ஒன்பதும் இருந்தது ஃபர்ம்வேரின் நிரலில். இயங்குதளத்தில் கைவைப்பதால் அவை அடைபடுவதில்லை. ஃபர்ம்வேருக்கான தரநிலையான யு.இ.எஃப்.ஐ.யின் 2.5 பதிப்பில், 2015இலேயே, இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் முறையிலேயே கோப்பை இறக்கும் எச்.டி.டி.பி. பூட் வந்துவிட்டது; அதைக் குறியாக்கம் கொண்ட எச்.டி.டி.பி.எஸ். வழியாகவும் நடத்தி, கெர்னல் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கலாம்.

ஆப்பிள் வேறு வழியில் சென்றது. டி2 என்ற பாதுகாப்புச் சிப் கொண்ட மேக் கணினிகளில், ஆப்பிளின் நெட்வொர்க் பூட் வசதியான நெட்பூட் கிடையாது. இணையம் வழியாக மீட்கும் வசதி உண்டு என்றாலும், அது ஆப்பிளின் சர்வரையே நாடுகிறது. ஒரு கல்லூரி தன் சர்வரில், தன் பாடத்துக்கேற்ற இமேஜை வைத்துக்கொள்ளும் உரிமை அங்கே போய்விடுகிறது. ஆகவே மற்ற இயங்குதளங்களை உருவாக்குவோரிடம் நான் கேட்பது இதுதான்: இந்த வசதியை இயல்பாக அணைத்து வையுங்கள், கையொப்பச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள், ஆனால் உள்ளேயே வைத்திருங்கள்.