புது டாக்ஸ் பாதிகூட முடியல, இப்பவே வெளிய விடலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி அடுத்த கேள்விக்கு வருவோம், இது நம்ம பெங்களூரு பெல்லந்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டாக்ஸ் டீம்ல, அதாவது சாஃப்ட்வேரை எப்படி பயன்படுத்துறதுன்னு விளக்குற டாக்குமெண்டேஷன் எழுதுற டீம்ல இருக்குற தம்பி அனுப்பிருக்காரு. "அண்ணா, எங்க ப்ராடக்டோட பழைய டாக்ஸ் சைட் பல வருஷமா ஓடிட்டு இருக்கு, அதை மொத்தமா புதுசா எழுதிட்டு இருக்கோம், மூணுல ஒரு பங்குதான் முடிஞ்சிருக்கு. மேனேஜர் எல்லாம் முடியட்டும், ஒரே நாள்ல மாத்திரலாம்ங்குறாரு. எனக்கு முடிஞ்சவரைக்கும் இப்பவே விட்டுரலாம்னு தோணுது, ஆனா ரெண்டு சைட்டும் ஒண்ணா இருந்தா யூசர் குழம்பிருவாங்களோன்னு பயமா இருக்கு." இதான் கேள்வி.

விடுங்க தம்பி, இப்பவே விடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிராதீங்க. ஏன்னா "எல்லாம் முடியட்டும்"ங்குற அந்த நாள் டாக்ஸ் வேலைல வரவே வராது, நீங்க எழுதி முடிக்குறதுக்குள்ள ப்ராடக்ட்ல ரெண்டு ரிலீஸ் போயிருக்கும், அதையும் ரெண்டு எடத்துல எழுதணும், புதுசுல எழுதுனதை ஒரு யூசர்கூட படிச்சிருக்க மாட்டாங்க, அது நல்லா இருக்கா இல்லையான்னும் தெரியாது.

பெரிய ஆளுங்களே இப்படித்தான் பண்ணிருக்காங்க. வெப்சைட் செய்ய உதவுற ரியாக்ட்ங்குற சாஃப்ட்வேரோட டாக்ஸ் எடுத்துக்கோங்க, 2021 அக்டோபர்லயே புதுசை பீட்டான்னு, அதாவது சோதனை வெர்ஷன்னு போட்டு வெளிய விட்டாங்க, பழைய சைட் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு, 2023 மார்ச்லதான் ரியாக்ட் டாட் டெவ்னு புதுசை மெயினாக்கி, பழசை லெகஸின்னு (பழையதுன்னு அர்த்தம்) தனி அட்ரஸ்க்கு தள்ளுனாங்க. அதே மாதிரி இன்னொரு சாஃப்ட்வேர் ஆங்குலர், அவங்களும் அதேதான், 2023 நவம்பர்ல 17ஆவது வெர்ஷனோட புது சைட்டை பீட்டாவா காட்டுனாங்க, 2024 மே மாசம் 18 வந்தப்போதான் அதை மெயினாக்குனாங்க.

நம்ம ஊர்லயே பாருங்களேன், அதே 2023 மார்ச்லதான் கேஆர் புரத்துல இருந்து ஒயிட்ஃபீல்ட் வரைக்கும் மெட்ரோவை தொறந்தாங்க. பையப்பனஹள்ளிக்கும் கேஆர் புரத்துக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர் சொச்சம் முடியவே இல்ல, அது அக்டோபர்லதான் வந்துச்சு, ஆனாலும் ஜனங்க போனாங்கல்ல? ஏன்னா நடுவுல பிஎம்டிசி, அதாவது நம்ம சிட்டி பஸ் கார்ப்பரேஷன், ஃபீடர் பஸ் விட்டாங்க. உங்க புது டாக்ஸ்லயும் எங்கெல்லாம் பக்கம் இல்லையோ அங்க ஒரு பஸ் நிக்கணும். அதாவது சைட்பார்ல அந்த தலைப்பு இருக்கணும், அழுத்துனா பழைய சைட்ல அதே விஷயம் இருக்குற பக்கத்துக்கு நேரா போகணும். "விரைவில் வரும்"னு ஒரு காலி பக்கம் மட்டும் வைக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் டவுன் ஆகி ஒருத்தன் அங்க வந்து நின்னா உங்களை என்ன திட்டுவான்னு யோசிச்சு பாருங்க.

குழப்பம்னு சொன்னீங்கல்ல, ரெண்டு சைட் இருக்குறதுனால யாரும் குழம்புறதில்ல. ஒரே விஷயத்துக்கு ரெண்டு எடத்துல ரெண்டு பதில் இருந்து, எது சரின்னு தெரியலன்னாதான் குழம்புவாங்க. பழைய பக்கத்துல டைம்அவுட் செகண்ட்ல குடுக்கணும்னு இருக்கு, புதுசுல மில்லிசெகண்ட்னு இருக்கு, பழசை பாத்து 30ன்னு போட்டவன் கனெக்‌ஷன் ஏன் உடனே கட் ஆகுதுன்னு டிக்கெட் போடுவான். அதனால ஒரு தலைப்புக்கு ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான் செல்லும்னு வச்சுக்கோங்க. புது இன்ஸ்டலேஷன் பக்கம் லைவ் போகுதா, அன்னிக்கே பழைய இன்ஸ்டலேஷன் பக்கத்தை ஃப்ரீஸ் பண்ணி மேல ஒரு பேனர் போடுங்க, "இந்த பக்கம் இனி அப்டேட் ஆகாது, புது பக்கம் இங்க"ன்னு. அந்த லிங்க் புது சைட்டோட ஹோம் பேஜுக்கு போகக்கூடாது, அதே இன்ஸ்டலேஷன் பக்கத்துக்கு போகணும். முக்காவாசி கம்பெனி இதைத்தான் கோட்டை விடுறாங்க, ஹோம்ல கொண்டு போய் எறக்கி விட்டுட்டு நீயே தேடிக்கோன்னா அவன் பேக் பட்டனை அழுத்தி பழசையே படிப்பான்.

எதை முதல்ல எழுதுறதுன்னா பொருளடக்க வரிசைல போகாதீங்க. ஒரு புது யூசர் இன்ஸ்டால் பண்ணி, லாகின் பண்ணி, முதல் ஏபிஐ கால் அடிச்சு (அவன் ப்ரோக்ராம்ல இருந்து உங்க ப்ராடக்டை கூப்பிட்டு), எரர் வந்தா சரி பண்ற வரைக்கும் அந்த ஒரு பாதையை முழுசா முடிச்சு விடுங்க, இல்லன்னா அவன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை ரெண்டு சைட்டுக்கும் நடுவுல தாவிட்டே இருப்பான்.

இப்ப கூகுள் மேட்டர், இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. பழைய பக்கம்தான் தேடல்ல மேல வரும், வருஷக்கணக்கா லிங்க் சேர்ந்திருக்குல்ல. உடனே ஒருத்தர் போய் ரோபோட்ஸ் ஃபைல்ல (கூகுள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாதுன்னு சொல்ற ஃபைல்) பழைய சைட்டை ப்ளாக் பண்ணுவாரு. பண்ணாதீங்க! ப்ளாக் பண்ணிட்டா கூகுள் அந்த பக்கத்தை படிக்கவே முடியாது, படிக்கலன்னா நீங்க உள்ள வச்ச கேனானிக்கல் டேகும் ("இதோட அசல் பக்கம் அது"ன்னு காட்டுறது) நோஇண்டெக்ஸும் ("தேடல்ல காட்டாதே"ன்னு சொல்றது) அதுக்கு தெரியாது, ஆனா வெளி லிங்க் இருக்குறதுனால வெறும் அட்ரஸ் மட்டும் ரிசல்ட்ல தொங்கிட்டு இருக்கலாம். உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா பழசுல கேனானிக்கல் வச்சு புதுசை காட்டுங்க, நிஜமாவே மாறிப்போச்சுன்னா ரீடைரக்ட் போடுங்க, பழைய அட்ரஸ்க்கு வர்றவன் தானா புதுசுக்கு போயிருவான். சோதனைல இருக்குற வரைக்கும் 302ங்குற தற்காலிக ரீடைரக்ட், இனி திரும்ப மாட்டோம்னு முடிவானப்புறம் 301ங்குற நிரந்தர ரீடைரக்ட், ஏன்னா 301ஐ ப்ரௌசர் தன்னோட கேஷ்ல (நினைவுல) வச்சுக்கும், அப்புறம் மனசு மாறுனா கஷ்டம். இன்னொண்ணு, அட்ரஸ்ல ஹேஷ் (#) போட்டு பின்னாடி வர்ற, பக்கத்துக்குள்ள ஒரு தலைப்பை காட்டுற பகுதி சர்வருக்கு போகவே போகாது, அதனால புது பக்கத்துலயும் பழைய தலைப்போட ஐடியை அப்படியே விட்டு வைங்க, இல்லன்னா லிங்க்ல வர்றவன் பக்கத்தோட உச்சில வந்து நிப்பான்.

பைத்தான்ங்குற ப்ரோக்ராமிங் மொழிக்காரங்க 2012ல பெப் 430ன்னு இதுக்குன்னே ஒரு முன்மொழிவு எழுதுனாங்க, டாக்ஸ் முகப்பை பைத்தான் 3க்கு மாத்தணும், ஆனா வெர்ஷன் நம்பர் இல்லாம வெளிய பரவிக் கெடக்குற உள்பக்க லிங்க் எல்லாம் 2க்கே போகட்டும்னு. ஏன்னா அந்த லிங்க் குடுத்தவன் 2ஐ மனசுல வச்சுத்தானே குடுத்தான். எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு அது. முகப்பை ஒரு நாள்ல மாத்துங்க, வெளிய இருக்குற பழைய உள்பக்க லிங்க் எங்க போகுதுங்குறதை அவசரப்பட்டு மாத்தாதீங்க.

அப்புறம் உங்க ப்ராடக்ட்டோட எரர் மெசேஜ்ல டாக்ஸ் லிங்க் இருக்கான்னு டெவலப்பர்கிட்ட கேளுங்க. பழைய வெர்ஷனை இன்னும் ஓட்டிட்டு இருக்குற கஸ்டமரோட மெஷின்ல அந்த லிங்க் உக்காந்திருக்கும், அதை உங்களால போய் மாத்த முடியாது, அதனால அந்த அட்ரஸ் ஒவ்வொண்ணும் எங்கயாவது போய் சேரணும். சைட் மாத்துன வாரம் முழுக்க 404 லாகை ("பக்கம் இல்ல"ன்னு எரர் வந்த அட்ரஸ் பட்டியல்) தெனமும் ஒரு கண்ணு பாருங்க, எந்த லிங்க் விட்டுப்போச்சுன்னு அதுவே சொல்லிரும்.

பழசை எப்ப மூடுறதுன்னா, மூடவே வேணாம். பைத்தான் 2க்கு 2020 ஜனவரி 1ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 2.7 டாக்ஸ் இன்னிக்கும் இருக்கு. ஸ்டாட்டிக் ஃபைலா, அதாவது மாறாத வெறும் பக்கங்களா மாத்தி ஒரு ஓரமா போட்டு வைங்க, ஹோஸ்டிங் செலவு உங்க டீமோட டீ செலவுகூட வராது. சரி, அடுத்த கேள்வி மாரத்தஹள்ளில இருந்து.