பேச்சு வரட்டும் என்று எழுத்து காத்திருக்க வேண்டாம்

(குன்னூரில் பெற்றோர், அங்கன்வாடிப் பணியாளர்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். மழையையும் பனிமூட்டத்தையும் பார்க்காமல் வந்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. பின்னால் நிற்கும் பாட்டிமார்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அம்மாக்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போன பிறகு பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பது நீங்கள்தான். நான் இன்றைக்குப் பேச வந்ததே முக்கியமாக உங்களிடம்.

மூன்று, நான்கு வயதாகியும் பேச்சு வராத, ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: "முதல்ல வாயைத் திறந்து பேசட்டும், படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு வரிசை கட்டாயமில்லை. பேச்சு காதில் விழுந்த நொடியிலேயே மறைந்துவிடும். எழுத்து அங்கேயே இருக்கும். திரும்பப் பார்க்கலாம், விரலால் தடவலாம், நாளைக்கும் அது இன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். மாறாத ஒன்றைக் கண்டால் நிம்மதி அடைகிற குழந்தைக்கு இது நல்ல பிடிமானம்.

பேச்சுக்கு முன்பே சொற்களைப் படிக்கத் தொடங்கிவிடும் குழந்தைகளும் உண்டு. அமெரிக்காவில் சில்பர்பர்க் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1967-இல் இதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர் வைத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது வராது. வந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் இல்லை. போனில் பார்த்து ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிற குழந்தை, தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தரையில் விழுந்து அழுகிறது. எழுத்து தெரிகிறது, அது எதற்கு உதவும் என்று தெரியவில்லை. நாம் செய்ய வேண்டியது, எழுத்தைப் பொருளோடு சேர்த்துக் கட்டுவது.

அதைக் குழந்தைக்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள். சுவரில் மாட்டிய அ, ஆ சார்ட் பிறகு வரட்டும். தமிழில் 247 எழுத்து. அத்தனையும் முடித்தபின்தான் சொல் என்றால் குழந்தை என்றைக்குச் சொல்லைப் பார்ப்பது? நம் ஊர்க் குழந்தைகள் பலருக்கு மலை ரயில் என்றால் உயிர். சரி, ரயிலையே எடுத்துக்கொள்வோம். 1908-இல் ஊட்டி வரை போய்ச் சேர்ந்த பாதை அது. குன்னூரிலிருந்து ஏறினால் வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம். செருப்பு டப்பா அட்டையை வெட்டி, ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஸ்டேஷன் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதித் தரையில் வரிசையாக வையுங்கள். தீப்பெட்டியை ரயிலாக்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் நிறுத்தி, பெயரைத் தெளிவாக ஒருமுறை சொல்லுங்கள். பல நாள் இப்படியே விளையாடிய பிறகு ‘கேத்தி’யை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். குழந்தை அந்தக் காலி இடத்தைப் பார்க்கலாம், உங்கள் கையைப் பிடித்து இழுக்கலாம், அட்டையைத் தானே எடுத்து வைக்கலாம். வாயே திறக்காமல் அது படித்துவிட்டது. பிறகு நிஜமான ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் அதே பெயரைப் பலகையில் காட்டுங்கள்.

அட்டையை விளையாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். பால் ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்தில் ‘பால்’ என்ற அட்டை இருக்கட்டும். படமும் சேர்த்து ஒட்டலாம். ஒருநாள் குழந்தை அந்த அட்டையை உங்கள் கையில் கொண்டுவந்து கொடுத்தால் உடனே பாலைக் கொடுங்கள். "வாயால சொல்லு, அப்பதான் தருவேன்" என்று தயவுசெய்து நிறுத்தி வைக்காதீர்கள். கேட்டுவிட்டதே! அட்டை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். இதுவரை நடந்த ஆய்வுகளில் படமும் அட்டையும் பேச்சைத் தடுத்ததாகத் தெரியவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக் காட்டும் ‘ஆவாஸ்’ என்ற செயலி, சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. டேப்லெட் வாங்க வசதி இல்லையென்றால் டப்பா அட்டையே தாராளம்.

ஒரு எச்சரிக்கை. குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தொட வைத்து, "பாருங்கள், வாக்கியமே எழுதுகிறான்" என்று காட்டுபவர்கள் உண்டு. 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தபோது, எழுதியது குழந்தை அல்ல, கையைப் பிடித்தவர்தான் என்று தெரிந்தது. அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

மொழி விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. "பேசாத குழந்தைக்கு ஒரு மொழி போதும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. அப்படியானால் பாட்டி பேரனிடம் பேசவே கூடாதா? ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரண்டு மொழியால் பேச்சு தள்ளிப்போவதாக ஆய்வுகள் காட்டவில்லை. படுக மொழி பேசும் வீட்டில் படுகவே பேசுங்கள். அந்தப் பேச்சையே தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். தமிழ் பேசும் வீட்டிலும் புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறாள்’ என்று இருக்கிறது, நாம் ‘வர்றா’ என்கிறோம். பேச்சே புதிதாக இருக்கும் குழந்தைக்கு இரண்டையும் இணைப்பது கஷ்டம். முதலில் ‘அம்மா வர்றா’ என்றே எழுதுங்கள். தமிழாசிரியர்கள் மன்னிப்பார்கள்.

புத்தகம் வாசிக்கும்போது "இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "யானை தண்ணி குடிக்குது" என்று நீங்களே சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். ஒரே பக்கத்தை நூறு முறை கேட்டாலும் வாசியுங்கள். கேட்ட வரியை வேறொரு நேரத்தில் திருப்பிச் சொன்னால் அதை வெறும் உளறல் என்று தள்ளாதீர்கள். ‘யானை தண்ணி குடிக்குது’ என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு வந்தால், தாகமாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் பேச்சு வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு எழுத்தே பேச்சாக இருக்கும்.

அங்கன்வாடி டீச்சர்களுக்கு ஒன்று. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பேசாத குழந்தையை அன்றைக்கு லீவு போட விடாதீர்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். சொல்லத் தெரியாத குழந்தைக்கும் காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ டெஸ்ட் எடுக்கலாம், அது தூங்கும்போதே முடிந்துவிடும். இன்னும் எடுக்காதவர்கள் கிளம்புவதற்கு முன் என்னிடம் வாருங்கள், ஊட்டி ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் போவது என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடலாம்.