சீப்பு தெரிகிறது, பெயர் வரவில்லை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சீப்பின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால், வாய் திறந்து "சீப்பு" என்று தொடங்க நமக்குச் சுமார் 0.6 விநாடி ஆகிறது. அதற்குள் மூளைக்குள் நடப்பது ஒரு வேலையல்ல.

பின்மண்டையில் உள்ள பார்வைப் புறணி முதலில் கோடுகளைப் பிரிக்கிறது. காதோரப் பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான பொட்டு மடலின் அடிப்பகுதி அவற்றைச் சேர்த்து ஒரு பொருளாக்குகிறது. 'தலை வாருவது' என்ற அறிவு விழித்ததும் கண்ணாடி, ரிப்பன், எண்ணெய் என்று அதன் சொந்தபந்தங்களும் கூடவே எழும்பும். அவற்றில் ஒரு சொல் ஜெயிக்க வேண்டும், 0.25 விநாடிக்குள் அது முடிகிறது. பிறகுதான் அதன் ஒலிகள் வருகின்றன. அவற்றை அசைகளாக அடுக்கி நாக்குக்கும் உதட்டுக்கும் அனுப்புவதில் முன்மடலுக்குப் பங்கு உண்டு. பெரும்பாலோருக்கு இந்தச் சொல் வேலை இடப்பக்க மூளையில்.

பக்கவாதம் வந்தவர் செய்யும் தப்பே எந்தப் படி பழுது என்று காட்டிக்கொடுக்கும். "அதான்... தலையை இப்படி..." என்று கையால் வாரிக் காட்டுகிறாரா? பொருளைப் பற்றிய அறிவு பத்திரம், "சீ..." என்று எடுத்துக் கொடுத்தால் பல நேரம் சொல் வந்துவிடும். "கண்ணாடி" என்றால் சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கல். "பீச்சு" என்றால் ஒலியில். சீப்பைக் கையில் கொடுத்தும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தால் பொருளறிவே கரைந்திருக்கலாம். பொட்டு மடலின் முன்முனை சுருங்கும் மறதிநோயில் இப்படி ஆகும். அங்கே முதல் எழுத்து பெரிதாக உதவாது. இன்னொரு விசித்திரமும் உண்டு: பார்த்தால் பெயர் வராது, கண்ணை மூடித் தொட்டால் வந்துவிடும். 1889இல் ஃப்ராய்ண்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நிலை இது.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் திறனை அளக்க பாஸ்டன் பெயரிடல் சோதனை என்று ஒன்று உண்டு. அதில் 60 கோட்டுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி பொறுக்க வேண்டும். படத்தையே தப்பாகப் பார்த்தால் பொருள் பற்றிய குறிப்பு. அப்புறமும் வராவிட்டால் முதல் ஒலி. இந்தச் சோதனையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது சரிவராது என்பேன். அதில் பீவர் என்ற அணை கட்டும் விலங்கு இருக்கிறது, ப்ரெட்ஸல் என்ற முடிச்சு வடிவ ரொட்டி இருக்கிறது. பார்த்தே இராதவர் தோற்றால் அது மூளையின் குற்றமா?

துடைப்பமும் அதில் உண்டு. ஒரு வீட்டில் அது விளக்குமாறு, தெற்கே வாரியல். மூன்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும். வாரியல் என்றே புழங்கியவருக்குத் "து..." என்று எடுத்துக் கொடுத்தால், வர இருந்த சொல்லும் தடுமாறும். ஆகவே சோதனைக்கு முன் வீட்டாரிடம் கேளுங்கள்: உங்கள் வீட்டில் இதை என்னவென்று சொல்வீர்கள்?