ஒரு மேடை, இருபதாயிரம் கச்சேரிகள்

எல்லோருக்கும் வணக்கம்.

ராக் இசைக்குழுக்களைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள், எழுதிவிட்டார்கள். நான் இன்று பேச வந்தது மேடைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்களைப் பற்றி.

ஒரு பெரிய அரீனாவில் ராக் கச்சேரி முடிகிறது. இருபதாயிரம் பேர் வெளியே வருகிறார்கள். ஒருவர் தொண்டை கட்டிப்போன குரலில், "இப்படி ஒரு ராத்திரி என் வாழ்க்கையில் வந்ததே இல்லை" என்கிறார். இரண்டடி தள்ளி நடந்து வருகிற இன்னொருவர், "ஒரு வரி புரியவில்லை, காசுதான் தண்டம்" என்கிறார். இதில் யார் சொல்வது பொய்? யாரும் பொய் சொல்லவில்லை என்பது என் கட்சி. அவர்கள் இருவரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தார்கள், ஆனால் ஒரே கச்சேரியில் இருக்கவில்லை.

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம். அரீனாக்கள் பெரும்பாலும் பாட்டுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் கட்டியவை. கான்கிரீட், கண்ணாடி, உயரமான கூரை. பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் எழுப்பும் தாழ்ந்த ஒலி அதற்குள் சுற்றிச் சுற்றி வரும், சீக்கிரம் அடங்காது. மேல் அடுக்கில் உட்கார்ந்தவர் "ஒரே இரைச்சல்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தச் சுவர்களைப் பற்றிய புகார்தான். பாவம், திட்டு மட்டும் பாடகருக்குப் போகிறது.

இன்னொன்று, ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவரை டிரம்ஸ் அடி வந்து சேர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடி. அப்படியானால் பின்னால் நிற்பவர் தாளத்தோடுதான் தட்டுகிறார், ஆனால் அந்தக் கைதட்டல் மேடைக்குத் திரும்பி வரும்போது தாளம் எங்கோ போயிருக்கும். பெரிய கூட்டத்தைத் தட்டச் சொல்லிவிட்டு டிரம்மர்கள் காதில் இயர்பீஸை அழுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பின்னால் நிற்பவருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க நடுவில் இன்னும் சில ஸ்பீக்கர்களை நிறுத்தி, மேடையிலிருந்து வரும் ஒலியோடு சேரும்படி அவற்றின் ஒலியைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி அனுப்புகிறார்கள். பழகிய ரசிகர்களைக் கேட்டால், ஒலிப் பொறியாளரின் மிக்ஸிங் மேசைக்குப் பக்கத்தில் நில் என்பார்கள். ஒலியைச் சரிசெய்கிறவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தானே சரிசெய்கிறார்! அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதை நாமும் கேட்கலாம்.

சரி, நல்ல ஒலி கேட்டால்தான் ரசிகருக்குத் திருப்தி என்றால் பீட்டில்ஸ் கதையை என்ன செய்வது? 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். வந்தவர்கள் சுமார் 55,600 பேர். அந்தக் கச்சேரிக்கென்றே 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்து கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம். இன்றைக்கு அந்த அளவில் ஒரு கிட்டார் ஆம்ப் சின்ன அரங்கிலேயே இருக்கும். பாடகர்களின் குரல் போனது பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்புச் சொல்லும் ஸ்டேடியம் ஸ்பீக்கர்கள் வழியாக. மேடைமீது நிற்பவருக்கு அவர் குரலையே திருப்பிக் கேட்கவைக்கும் மானிட்டர் அப்போது கிடையாது. ஐம்பதாயிரம் பேர் ஓயாமல் கத்தினார்கள். பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மேடையில் எனக்கு முன்னால் நின்ற மற்ற மூவரின் அசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பிற்பாடு சொன்னார். ஓராண்டு கழித்து, 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் அவர்கள் கட்டணக் கச்சேரிகளுக்கே முழுக்குப் போட்டார்கள்.

ஆனால் அந்த ஐம்பதாயிரம் பேர் ஏமாந்தா வீட்டுக்குப் போனார்கள்? வாழ்நாள் முழுக்கப் பேசினார்கள். பாட்டைக் கேட்க அவர்களிடம் இசைத்தட்டு இருந்தது. ஸ்டேடியத்துக்கு வந்தது கத்துவதற்கு. அப்படிக் கத்திய இளம்பெண்களைப் பத்திரிகைகள் அன்று "வெறி" என்று எழுதிக் கேலி செய்தன. எனக்கு அந்தக் கேலி எப்போதுமே பிடித்ததில்லை. கால்பந்தில் ஒரு கோல் விழுந்ததும் ஆண்கள் போடும் கூச்சலுக்கு வெறி என்றா பெயர் வைத்தார்கள்?

இனி 1977-க்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை ரசிகர்களின் வரலாற்றில் அது முக்கியமான ஆண்டு. அந்த ஒரே ஆண்டில், சில வார இடைவெளியில், இரண்டு குழுக்கள் தங்கள் கூட்டத்தைக் கண்டு திகைத்தன. இரண்டும் நேர் எதிரான பக்கம் போயின.

மே மாதம், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் பிங்லி ஹால். குவீன் குழு ஆடிப்பாடி முடித்து, என்கோரும், அதாவது ரசிகர் கேட்டதற்காக மறுபடி வந்து வாசிக்கும் பாட்டும், கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கியது. கூட்டம் கலையவில்லை. எல்லோரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். குவீனின் பாட்டைக்கூட அல்ல, லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் பாடுகிற பாட்டை! உள்ளே நின்று அதைக் கேட்ட கிட்டார் கலைஞர் பிரையன் மேக்கு ஒரு யோசனை வந்தது. தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டம் என்னதான் செய்ய முடியும்? காலால் தரையை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அவ்வளவுதான். அப்படியானால் அவர்கள் செய்யக்கூடியதை மட்டும் வைத்தே ஒரு பாட்டு எழுதினால் என்ன? அதுதான் "வீ வில் ராக் யூ". இரண்டு மிதி, ஒரு தட்டு. கடைசியில் வரும் கிட்டாரை விட்டால் அதில் வாத்தியமே கிடையாது. குவீனின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தன் பங்குக்குக் கூட்டம் சேர்ந்து பாட "வீ ஆர் த சாம்பியன்ஸ்" எழுதினார்.

அதைப் பதிவு செய்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். பிரையன் மே இயற்பியல் படித்தவர், பிற்காலத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டமே வாங்கியவர். ஸ்டுடியோவில் ஒரு சிலர் பலகைகளை மிதித்ததைத் திரும்பத் திரும்பப் பதிந்து, ஒவ்வொரு பதிவையும் வெவ்வேறு அளவு தாமதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எதிரொலிபோலக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தாமதங்களைப் பகா எண்களின் கணக்கில் வைத்தார். சற்று முன் சொன்னேனே, தூரத்தில் நிற்பவரின் தட்டல் பிந்தி வந்து சேரும் என்று? அந்தப் பிந்தலையே ஸ்டுடியோவுக்குள் கொண்டுவந்துவிட்டார். அதனால்தான் வீட்டில் தனியாக அந்தப் பாட்டைக் கேட்டாலும் பெரிய கூட்டத்துக்கு நடுவில் நிற்பதுபோல இருக்கிறது. இசைத்தட்டில் இருக்கும் பாட்டைக் கச்சேரியில் வாசிப்பதுதான் வழக்கம். இங்கே கச்சேரியில் ரசிகர்கள் செய்தது இசைத்தட்டுக்குள் போனது.

அதே ஆண்டு ஜூலை 6, கனடாவின் மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். பிங்க் ஃப்ளாய்ட் நீண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி நாள். முன்வரிசையில் கூச்சல், பட்டாசு. மெதுவான பாட்டைக்கூட அமைதியாகக் கேட்க ஆளில்லை. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் பொறுமை இழந்து, மேடை ஓரத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகர் மீது துப்பிவிட்டார். அப்புறம் அவருக்கே தன் செய்கை அருவருப்பாக இருந்தது. எனக்கும் இவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1979-இல் வெளிவந்த "த வால்" ஆல்பம் அதன் விளைவு. அதை மேடையேற்றியபோது நிஜமாகவே அட்டைச் செங்கற்களை அடுக்கி, பாட்டுக்குப் பாட்டு, குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். இதில் வேடிக்கை, குழுவை மறைக்கும் சுவர் உயர உயர ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு ஒருவர் அதற்கு ஒரு பாட்டில் இடம் கொடுத்தார், இன்னொருவர் சுவர் கட்டினார். யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டு ஆல்பங்களும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் இரண்டுமே ரசிகர்கள் இல்லாமல் பிறந்திருக்காது.

ரசிகரின் கோபத்தைப் பற்றியும் பேச வேண்டும். 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். அரீனா அல்ல, சிறிய அரங்கம்தான், ஆனாலும் விடமுடியாத கதை. நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளால் பேர் வாங்கிய பாப் டிலன் முதல் பாதியைத் தனியாக, சாதா கிட்டாரில் வாசித்தார். அரங்கம் மயங்கிக் கேட்டது. இரண்டாம் பாதியில் மின்சாரக் கிட்டாரோடும் முழுக் குழுவோடும் வந்தார். தாளம் கெடும்படி வேண்டுமென்றே கை தட்டினார்கள், ஏளனம் செய்தார்கள். கடைசியில் ஒரு குரல், ஏசுவைக் காட்டிக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லி, "யூதாஸ்!" என்று கத்தியது. டிலன், "உன்னை நம்பமாட்டேன், நீ ஒரு பொய்யன்" என்று சொல்லிவிட்டு, குழுவைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போனார். கத்தியவருக்கு இசை தெரியாது என்று இன்றைக்குச் சொல்வது சுலபம். யோசித்துப் பாருங்கள், தனக்கு ஒட்டுறவே இல்லாத ஒருவரை யாராவது துரோகி என்பார்களா? அந்தப் பாட்டுகள் தன்னுடையவை என்று நம்பியவர்தான் அப்படிக் கத்தியிருக்க முடியும்.

அதே உரிமைதான், இன்னும் சின்ன அளவில், "அந்தப் பாட்டைப் பாடவே இல்லையே" என்ற புகாரிலும் இருக்கிறது. செட்லிஸ்டை, அதாவது அன்றைக்கு வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலை, பற்றிய சண்டைக்கு முடிவே கிடையாது. பழைய வெற்றிப் பாட்டுகளையே வாசித்தால் "இருபது வருஷமாக அதே பட்டியல்" என்பார்கள், புதுசை வாசித்தால் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஃபிஷ் குழு 2017-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது, ஒரு பாட்டைக்கூட இரண்டாம் முறை வாசிக்காமல். எல்லாக் குழுவாலும் முடியாத காரியம். அவர்களுடைய ரசிகர்கள் இரவுக்கு இரவு கணக்கு வைத்துக்கொள்பவர்கள், அந்தக் கணக்குக்குக் கிடைத்த மரியாதை அது.

பாடகர் இறந்துபோனால் என்ன செய்வது? லின்கின் பார்க் பாடகர் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் காலமானார். அக்டோபர் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் பவுலில் நினைவுக் கச்சேரி. பல பாட்டுகளுக்கு விருந்தினர்கள் வந்து பாடினார்கள். "நம்ப்" பாட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. மைக்கை நிறுத்தி அதன்மீது வெளிச்சம் போட்டார்கள், குழு வாசித்தது, அரங்கம் முழுப் பாட்டையும் பாடியது. 2024-இல் எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் புதிய பாடகியாக வந்தபோது ரசிகர்கள் இரண்டு பட்டதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவரை ஏற்காதவர்கள் பலருக்கு அவர் குரலோடு சண்டை இல்லை. அந்த இடத்தைத் தாங்களே நிரப்பிய ஒரு இரவு அவர்களுக்கு இருந்தது.

கூட்டத்தைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்கிறேனோ? மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் மாஷ் பிட்டின் வீடியோக்களை கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஆராய்ந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே மனிதர்களின் ஓட்டம் வாயு மூலக்கூறுகளின் ஓட்டத்தைப் போலவே இருக்கிறதாம். ஆனால் மூலக்கூறு செய்யாத ஒன்றை மாஷ் பிட்டில் செய்கிறார்கள், விழுந்தவரை உடனே தூக்கிவிடுகிறார்கள். அது எழுதப்படாத சட்டம்.

தூக்கிவிட இடமே இல்லாதபோதுதான் ஆபத்து. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் த ஹூ என்ற குழுவின் கச்சேரிக்கு வெளியே 11 பேர் நெரிசலில் இறந்தார்கள். முன்னால் வருகிறவருக்கு முன்னிடம் என்ற முறை, திறந்திருந்ததோ சில கதவுகள்தான், உள்ளேயிருந்து சத்தம் கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். "வெறி பிடித்த ரசிகர்கள்" என்றுதான் அப்போதும் எழுதினார்கள். பின்னால் நிற்பவருக்கு முன்னால் ஒருவர் மூச்சுத் திணறுவது தெரியவே தெரியாது. அது கதவைப் பற்றிய பிரச்சினை, ரசனையைப் பற்றியது அல்ல. குழுவினருக்கே நடந்தது கச்சேரி முடிந்த பிறகுதான் தெரிவிக்கப்பட்டது. உள்ளே இருந்த ஆயிரக்கணக்கானவர்களும் நல்ல கச்சேரி பார்த்த மகிழ்ச்சியோடுதான் வெளியே வந்தார்கள். ஒரே கட்டடம் என்று தொடக்கத்தில் சொன்னேன், அதை இவ்வளவு கொடுமையாகக் காட்டும் இரவு வேறில்லை.

செல்போனைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். சுருக்கமாகச் சொல்கிறேன்: ஒரு பாட்டைப் படம் பிடியுங்கள், மிச்சத்துக்குப் பின்னால் இருப்பவரை மேடையைப் பார்க்க விடுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை காதுகளைப் பற்றி. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கில், 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் வந்தால் 15 நிமிடம்தான், ராக் கச்சேரியில் 100 டெசிபெல் ஒன்றும் அபூர்வம் இல்லை. மறுநாள் காதில் கேட்கும் ரீங்காரத்தை நல்ல கச்சேரிக்கு அடையாளமாகப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் நிறுத்துங்கள். இசைக்கென்றே செய்த காது அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், அதனால் பாட்டு மங்காது. மேடையில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் காதில் போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த குழுவின் பெயரை நான் சொல்லவில்லை என்ற புகாரையும் இப்போதே எழுப்பலாம்.