மோமாவில் ஒரு கோடை மாலை: தோட்டத்தில் கச்சேரி, கூடத்தில் உயிருள்ள திரை

[காட்சி: மாலை வெளிச்சத்தில் நியூயார்க், மன்ஹாட்டன் 53-வது தெரு]

வணக்கம். நியூயார்க்கில் ஜூலை மாதம் சூரியன் மறைய ஏறக்குறைய எட்டரை மணி ஆகிவிடும். வேலை முடிந்து வந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தை நகர மக்களுக்குத் திறந்துவிட்ட இடங்களில் ஒன்று, மோமா என்று எல்லோரும் சொல்லும் நவீனக் கலை அருங்காட்சியகம்.

[காட்சி: சிற்பத் தோட்டம்]

இந்தச் சிற்பத் தோட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்தார். 1953-ல் திறந்தார்கள். சலவைக்கல் தரை, நீர்த்தடாகங்கள், மரங்கள், இடையிடையே சிற்பங்கள். 1971-ல் இங்கே ‘சம்மர்கார்டன்’ என்ற கோடை நிகழ்ச்சிகள் ஆரம்பித்தன. ஜூலை ஞாயிறு மாலைகளில் இலவசக் கச்சேரி, முதலில் வருபவர்களுக்கு இடம். ஜூலியார்ட் இசைப் பள்ளியின் இளம் கலைஞர்கள் நம் காலத்து இசையமைப்பாளர்களின் படைப்புகளை வாசிப்பார்கள். சில வாரங்களில் ஜாஸ். ஒன்றும் தெரியாமல் போய் உட்காரலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

[காட்சி: தோட்டத்தை ஒட்டிய கூடம், பெரிய திரை]

சரி, இப்போது உள்ளே வருவோம். 2022 நவம்பரில் இந்தக் கூடத்தில் 24 அடி உயரம், 24 அடி அகலத்தில் ஒரு திரை வைத்தார்கள். படைப்பின் பெயர் ‘அன்சூப்பர்வைஸ்டு’, அதாவது ‘மேற்பார்வை இல்லாமல்’. செய்தவர் ரெஃபிக் அனடோல், இஸ்தான்புல்லில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் வேலை செய்பவர். வண்ணங்கள் திரையில் அலையாகப் புரண்டன, உடைந்தன, வேறொன்றாகத் திரண்டன.

இது பதிவு செய்த வீடியோ இல்லை. இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். டச்சு ஓவியர் வான்கோவின் ஓவியங்களைச் சுவரெல்லாம் பாய்ச்சும் கண்காட்சிகள் பல ஊர்களில் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் ஏற்கெனவே தயாரித்த படம்தான் திரும்பத் திரும்ப ஓடும். இங்கே படம் அந்தந்த நொடியில் பிறந்தது.

[காட்சி: வரைபட அசைவூட்டம்]

எப்படி? மோமாவின் சேகரிப்பிலுள்ள 1,38,151 படைப்புகளின் தரவைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கினார்கள். அதற்குள் இரண்டு பகுதிகள். ஒன்று படம் உருவாக்கும். மற்றொன்று, அது சேகரிப்பில் இருக்கக்கூடிய படம் போல் இருக்கிறதா என்று சோதிக்கும். தோற்கத் தோற்க முதல் பகுதி தேறும். நூற்றுக்கணக்கான கோலங்களைப் பார்த்து வளர்ந்தவர் எதையும் நகலெடுக்காமல் புதுக் கோலம் போடுவது போல, இதுவும் சேகரிப்பில் இல்லாத உருவங்களைக் கொண்டுவந்தது.

அப்புறம், கூடத்தில் இருந்த கேமரா மக்கள் நடமாட்டத்தைப் பார்த்தது. ஒலியும் வெளியே இருந்த வானிலையும் கணக்கில் சேர்ந்தன. கூட்டம் கூடினாலும் மழை பெய்தாலும் திரையின் போக்கு மாறியது. நேற்று பார்த்த அதே படத்தை இன்று பார்க்க முடியாது.

[காட்சி: தரையில் உட்கார்ந்து பார்க்கும் பார்வையாளர்கள்]

இது கலையா, பெரிய ஸ்கிரீன்சேவரா என்று விமர்சகர்கள் கடுமையாகவே கேட்டார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை படைப்புகளைக் கரைத்துவிட்டபின் எந்தக் கலைஞரின் கையும் திரையில் தனியாகத் தெரியவில்லை. இதே கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் வான்கோவின் ‘விண்மீன் இரவு’ இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத ஓவியம். அதில் ஒவ்வொரு தூரிகைத் தடத்தையும் பின்தொடரலாம். திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் பெரிய இழப்பு.

ஆனாலும் நான் அந்தத் திரையின் பக்கம்தான். நுழைவுச்சீட்டைக் காட்டிவிட்டு வேகமாகக் கடந்துபோகும் கூடம் அது. அங்கே குழந்தைகளும் முதியவர்களும் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பொருளைப் பார்த்தார்கள். கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டக் கச்சேரி பல கோடைகளாகச் செய்துவந்த வேலையும் அதுதான்.

கண்காட்சி முதலில் 2023 மார்ச் வரை என்றுதான் திட்டம். கூட்டம் குறையாததால் நீட்டித்து, கோடை முழுவதும் ஓட்டி, அக்டோபரில் முடித்தார்கள். அதே மாதம் மோமா இந்தப் படைப்பைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.