உலகம் அழிஞ்சா நம்ம லயத்துல என்ன நடக்கும்?

வணக்கம் மக்களே. இலங்கை மலைநாட்டுல பண்டாரவளைப் பக்கம், தேயிலைக்கு நடுவுல நின்னு கதைக்கிறேன். லயம்னா தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீடு. காத்து பலமா அடிக்குது, சத்தம் கரகரன்னு வந்தா கோவிச்சுக்காதீங்க. மைக் அவ்வளவுதான்.

கொஞ்ச நாளா வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ சுத்துது, 2032ல ஒரு கல்லு வந்து பூமியில விழப்போகுதுன்னு. அந்தக் கல்லு உள்ளதுதான். பேரு 2024 ஒய்ஆர்4. 2025 பெப்ரவரியில அது பூமியில மோத 3 சதவீதம் அளவுக்கு வாய்ப்பிருக்குன்னு விஞ்ஞானிகளே சொன்னாங்க. அந்த மாசமே இன்னும் நல்லா அளந்து பார்த்துட்டு, பூமிக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லிட்டாங்க. மொதல்ல சொன்னது மட்டும் ஃபார்வர்ட் ஆகிக்கிட்டே இருக்கு.

கல்லு லேசான விஷயம்ங்க. பெரிய கல்லுன்னா பெரும்பாலும் வருஷக்கணக்குக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிரலாம், நேரம் இருந்தா தள்ளிவிடவும் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 26ல நாசாவோட டார்ட் விண்கலம் டைமோர்ஃபஸ்ங்கிற ஒரு சின்னக் கல்லுல போயி வேணும்னே மோதிச்சு. அது பக்கத்துல இருக்குற பெரிய கல்லச் சுத்துற நேரத்துல அரை மணித்தியாலம் கொறஞ்சுபோச்சு. டைனோசர் காலத்துல, 6 கோடியே 60 இலட்சம் வருஷத்துக்கு முந்தி விழுந்தது 10 கிலோமீட்டர் அளவு கல்லு. பண்டாரவளையிலேருந்து அப்புத்தளை போற ரோட்டு நீளத்துக்கு ஒரு கல்லுன்னு வச்சுக்கோங்க. ஆனா டைனோசர் எல்லாம் கல்லுல அடிபட்டா செத்துச்சு? தூசியும் புகையும் மேல போயி வெயில மறைச்சிருச்சு. செடி கொடி வளரல்ல. சாப்பாடு இல்லாமத்தான் முக்காவாசி செத்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, இன்னைக்கு நான் கதைக்க வந்ததே இந்த சாப்பாட்டப் பத்தித்தான்.

மனுஷன் இந்தப் பூமியில ஏறக்கொறைய 3 இலட்சம் வருஷமா இருக்கான். எரிமலை, பனிக்காலம், கொள்ளைநோய் எல்லாத்தையும் தாண்டி வந்துட்டான். அப்ப இயற்கை நம்மள முழுசாத் தொடைச்சுப் போடுற வாய்ப்பு கொறவுன்னுதானே அர்த்தம்? ஆனா அணுகுண்டு 1945லதான் வந்துச்சு. ஆய்வுகூடத்துல கிருமியத் திருத்துற வேலை, இந்த ஏஐ எல்லாம் அதுக்கும் பொறகு. இதுங்களோட நாம எவ்வளவு காலம் தாக்குப் பிடிப்போம்னு சொல்ல, கையில பழைய கணக்கு இல்ல.

டார்ட் மோதின அதே செப்டம்பர் 26தான், ஆனா 1983ல. சோவியத் நாட்டுல ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ்னு ஒரு அதிகாரி ராத்திரி டூட்டியில இருக்காரு. அமெரிக்கா ஏவுகணை விட்டுருச்சு, அஞ்சு வருதுன்னு மெஷின் கத்துது. சண்டை தொடங்குற ஆளு அஞ்ச மட்டுமா விடுவான்னு யோசிச்சு, இது மெஷின் கோளாறுன்னு மேலிடத்துக்கு சொல்லிட்டாரு. பார்த்தா, மேகத்துல பட்ட வெயில சட்டலைட்டு ஏவுகணைன்னு நெனச்சிருக்கு. அந்த ராத்திரி அந்த சீட்டுல வேற ஆளு இருந்திருந்தா? என்னால அதுக்கு மேல யோசிக்க ஏலாது.

குண்டு நம்ம மேல விழணும்னு இல்ல. நகரங்கள் எரிஞ்சா அந்தக் கரிப்புகை மழை மேகத்துக்கும் மேல போயிரும். அங்க மழை இல்லை, கழுவிவிட ஆள் இல்லை, வருஷக்கணக்கா அப்படியே நிக்கும். 2022ல ஒரு ஆய்வு வந்துச்சு: இந்தியாவும் பாகிஸ்தானும் பெரிய அளவுல அணுகுண்டு போட்டுக்கிட்டா, உலகத்துல 200 கோடிப் பேருக்கு மேல பட்டினியில சாகலாம். அமெரிக்கா, ரஷ்யான்னா 500 கோடிக்கு மேல. குண்டுல சாகுறவங்கள விட பசியில சாகுறவங்கதான் கூட.

இப்ப நம்ம லயத்துக்கு வாங்க. காலையில நம்ம வீட்டுல என்ன? ரொட்டி. அம்மா அஞ்சு மணிக்கே எழும்பி மா பெசைவாங்க. கொஞ்சம் தேங்காப்பூ, உப்பு, வெந்நீர். தட்டி, கல்லுல போட்டு, கடைசியா ஓரத்த நெருப்புல காட்டுவாங்க. அதுல ரெண்டும் கட்ட சம்பலும் துணியில சுத்திக்கிட்டு மலைக்குப் போறாங்க. அந்த கோதுமை எங்க வெளையுது? இலங்கையில எங்கயும் இல்ல. அவ்வளவும் கப்பல்ல வருது. 2022ல டொலர் இல்லாமப் போனப்ப மா வெல ஏறினது ஞாபகம் இருக்கா? ரொட்டியோட கனம் கொறஞ்சுச்சே. உலகம் அழியல்ல, கப்பலுக்குக் காசு இல்ல, அவ்வளவுதான். அதுக்கு முந்தின வருஷம் ரசாயன உரத்த ஒரே நாள்ல தடை பண்ணி, நெல்லு வெளைச்சலும் விழுந்துச்சு.

சுத்தி கேமராவக் காட்டுறேன், பாருங்க. கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலை. திங்கிறதுக்கு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்! இதே மலையில முந்தி கோப்பி இருந்துச்சு. 1869ல இலையில ஒரு பூஞ்சை வந்துச்சு, செம்மஞ்சள் தூள் மாதிரி. காத்துல பரவிச்சு. மலை மலையா ஒரே பயிரு, நடுவுல தடுக்க ஒரு காடு இல்ல. கொஞ்ச வருஷத்துல கோப்பி முடிஞ்சுச்சு. வெள்ளைக்காரன் என்ன பாடம் படிச்சான்? அதே மாதிரி ஒரே பயிரா தேயிலையப் போட்டான்.

அப்ப நாங்க என்ன பண்ணலாம்? பணக்காரங்க பங்கர் கட்டுறாங்க, நியூசிலாந்துல காணி வாங்குறாங்க. நம்மகிட்ட லயத்துக்குப் பின்னால ஒரு துண்டு. இந்தா, இதுல மரவள்ளி. தடிய ஒரு சாண் அளவு வெட்டி நட்டா வரும், வெதை தேவையில்ல. இது வத்தாளை, சக்கரவள்ளிக் கெழங்குன்னும் சொல்லுவாங்க, கொடிய ஊன்றினா போதும். ஆனா அந்தப் பக்கம் கோவா, கரட் இருக்கே, அதுக்கு வெதை டின்ல வருது. பெரும்பாலும் ஹைபிரிட், வெதை எடுத்து வச்சு நட்டா அதே மாதிரி வராது. கப்பல் நின்னா அதுவும் போச்சு. குளிர் கூடினா மரவள்ளி தாங்காது, அப்ப உருளைக்கெழங்குதான் நமக்குக் கை கொடுக்கும்.

எச்சரிக்கை வந்தா தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டத்துல மண்சரிவு. அந்த மலை ஆபத்துன்னு முந்தியே சொல்லித்தான் இருந்தாங்க. சொன்னவங்க போறதுக்கு ஒரு எடம் குடுக்கல்ல. லயத்தோட மண்ணு மூடிருச்சு. 2025 நவம்பர்ல டித்வா புயல், நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தாங்க, கூடுதலா நம்ம மலைநாட்டுலதான். அப்ப ரோடு இல்ல, கரண்ட் இல்ல, போன் சிக்னல் இல்ல.

சினிமாவுல காட்டுற மாதிரி ஆளுக்கு ஆளு கத்தியத் தூக்கினாங்களா அப்ப? ஒரு வீட்டு அரிசி நாலு வீட்டு அடுப்புல வெந்துச்சு. சாவு வீட்டுக்கு உதவுற நம்ம மரணாதார சங்கத்துல யாரு வீட்டுல எத்தன பேரு, யாரு கெழவி, யாரு கைப்புள்ளக்காரின்னு எல்லாம் கொப்பியில இருக்கு. அந்த கொப்பிதான் மொதல் நாளு வேலைக்கு ஆகும். ஒரு வாரத்துக்கு இது போதும். அஞ்சு வருஷம் வெயில் இல்லன்னா நல்ல மனசு மட்டும் வயித்த நெரப்பாது, காணி வேணும். தேயிலை கெழடாகி காடு மண்டிக் கெடக்குற எடம் தோட்டத்துல எவ்வளவு இருக்கு! அதுல பாதிய கெழங்கு போட லயத்து ஆளுங்களுக்குக் குடுங்கன்னு கேட்டா, அரசியல் கதைக்கிறேங்கிறாங்க. கதைக்கத்தான் வேணும்.

சரி, அடுத்த வீடியோவுக்கு வெலிமடைப் பக்கம் போறேன். வெதை உருளைக்கெழங்க எப்படிப் பத்திரப்படுத்துறாங்கன்னு தோட்டத்துக்காரங்ககிட்டயே கேட்டுக் காட்டுறேன். உங்க பக்கம் குளிருக்குத் தாங்குற பழைய கெழங்கு வகை ஏதாவது இன்னும் இருந்தா கமெண்ட்ல பேரப் போடுங்க. மழை வருது, போன நனைக்க ஏலாது. வரேன்.